வெர்டஸ் ஜிடி: கியர் வண்டியா, டிஎஸ்ஜியா?

கேட்டவர் வடவள்ளியில் குடியிருக்கிறார், வேலை சரவணம்பட்டியில். வாரத்தில் ஐந்து நாள் காந்திபுரம் நெரிசல், மாதம் ஒன்றிரண்டு முறை வால்பாறையோ கோத்தகிரியோ. வாங்க நினைப்பது வோக்ஸ்வாகன் வெர்டஸ் 1.5 டர்போ பெட்ரோல். ஆறு கியர் மேனுவலா, ஏழு கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக்கா என்பதில் வந்து நிற்கிறார். "பெர்ஃபார்மன்ஸ் கார்னா மேனுவல்தான்டா" என்கிறார்கள் நண்பர்கள். "இந்தக் காலத்துல யாருங்க கிளட்ச் மிதிச்சுட்டு இருக்கறது" என்கிறார் மனைவி.

நண்பர்கள் சொல்வது பாதி பழைய கதை. வேகத்தை மட்டும் கணக்கில் எடுத்தால் இந்தச் சண்டை எப்போதோ முடிந்துவிட்டது. மேனுவல் தோற்றுவிட்டது. போர்ஷே 911 ஜிடி3-யின் 992 தலைமுறையைப் பாருங்கள். எஞ்சின் ஒன்றுதான். பிடிகே என்ற இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் பூட்டினால் நின்ற இடத்திலிருந்து 100 கிமீ வேகம் தொட 3.4 நொடி. ஆறு கியர் மேனுவல் பூட்டினால் 3.9 நொடி. இத்தனைக்கும் மேனுவல் வண்டி 17 கிலோ எடை குறைவு. கிளட்ச்சை மிதித்துக் கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும் சக்கரத்துக்குப் போகும் இழுவை ஒரு கணம் அறுந்துபோகிறது. இரட்டை கிளட்ச்சில் அது அறுவதில்லை, ஒன்று விடும்போதே மற்றது பிடித்துக்கொள்கிறது. புறப்படும்போது டயர் வழுக்காமல் பார்த்துக்கொள்ளவும் அங்கே கம்ப்யூட்டர் இருக்கிறது. உங்கள் இடது கால் எவ்வளவு பழகியிருந்தாலும் அதை ஜெயிக்காது.

பந்தயக்காரர்களுக்கு இது 1989-லேயே புரிந்துவிட்டது. அந்த வருடம் பிரேசில் கிராண்ட் பிரியில் ஃபெராரி ஃபார்முலா 1 காரில் கியர் லீவரை எடுத்துவிட்டு, ஸ்டியரிங்குக்குப் பின்னால் இரண்டு இதழ் போன்ற பேடில்களை வைத்தார் வடிவமைப்பாளர் ஜான் பர்னார்ட். சோதனை ஓட்டங்களில் அந்தக் கியர்பாக்ஸ் அடிக்கடி காலை வாரியிருந்தது. வண்டி பாதியிலேயே நின்றுவிடும் என்று நம்பிய ஓட்டுநர் நைஜல் மான்செல், சீக்கிரம் ஊர் திரும்பும் விமானத்துக்கு இடம் போட்டு வைத்திருந்ததாகப் பின்னாளில் சொன்னார். அன்று ஜெயித்தது அவர்தான். சில வருடங்களிலேயே ஃபார்முலா 1-இல் லீவர் காணாமல் போனது.

ஆனாலும் மேனுவல் சாகவில்லை. போர்ஷே 2013-இல் வந்த ஜிடி3-யை பிடிகேயில் மட்டும்தான் விற்றது. பழைய வாடிக்கையாளர்கள் முணுமுணுத்தார்கள். 2016-இல் மேனுவல் மட்டுமே கொண்ட 911 ஆர் என்ற காரை 991 வண்டிகள் மட்டும் செய்தார்கள், அத்தனையும் விற்றுத் தீர்ந்தது. 2017-இல் ஜிடி3-க்கே மேனுவலைத் திரும்பக் கொடுத்தார்கள். டொயோட்டா சுப்ராவிலும் இதே கதைதான். 2019-இல் ஆட்டோமேட்டிக் மட்டும் என்று வந்த கார், 2022-இல் மேனுவலுக்கு வழிவிட்டது. நம் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் தயாராகும் ஹூண்டாய் ஐ20 என் லைன் 2021-இல் வந்தபோது கிளட்ச் பெடலே இல்லாத, ஆனால் லீவரைக் கையால் மாற்ற வேண்டிய ஐஎம்டி என்ற விசித்திரத்தைக் கொடுத்தார்கள். இரண்டுக்கும் நடுவில் நின்ற அதை 2023-இல் எடுத்துவிட்டு முறையான மேனுவலை வைத்தார்கள். மெதுவான கியர்பாக்ஸ் என்று தெரிந்தே காசு கொடுத்துக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் நண்பர்கள் உணர்வது அந்தப் பாதியைத்தான், சொல்லத்தான் தெரியவில்லை.

ஆட்டோமேட்டிக் என்று ஒரே பெயரில் கூப்பிட்டாலும் அது ஒரே பொருள் இல்லை. மலிவான கார்களில் வரும் ஏஎம்டி என்பது மேனுவல் கியர்பாக்ஸுக்கு ஒரு ரோபோ கையைப் பூட்டியது. கியர் மாறும் ஒவ்வொரு முறையும் உட்கார்ந்திருப்பவரைத் தலையாட்ட வைக்கும். வேகக் கார் பேச்சில் அதற்கு இடமில்லை. கியர் படிகளே இல்லாத சிவிடியும் அப்படித்தான், எஞ்சின் ஒரே சுருதியில் கத்திக்கொண்டிருக்கும், வேகம் பின்னால் வரும். மிச்சம் இரண்டு. ஒன்று டார்க் கன்வர்ட்டர். எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே எண்ணெயில் சுழலும் விசிறி. ஒரு காலத்தில் இதைச் சோம்பேறி என்பார்கள், இன்று இசட்எஃப் நிறுவனத்தின் எட்டு கியர் பெட்டியை ஓட்டியவர் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். சென்னை ஆலையில் பூட்டப்படும் பிஎம்டபிள்யூ எம்340ஐ காரில் இருப்பது அந்தப் பெட்டிதான். 100 கிமீ தொட 4.4 நொடி. டார்க் கன்வர்ட்டர் நெரிசலில் ஊர்வதற்கென்றே பிறந்தது. எண்ணெய்தானே வழுக்குகிறது, ஊரும்போது உரசித் தேயும் பிளேட் இல்லை.

மற்றது இரட்டை கிளட்ச், வோக்ஸ்வாகன் மொழியில் டிஎஸ்ஜி. இதிலும் இரண்டு சாதி உண்டு: கிளட்ச் எண்ணெயில் முங்கியிருக்கும் ஈர வகை, மேனுவல் வண்டியில் உள்ளதைப் போலக் காய்ந்த பிளேட்டோடு இருக்கும் உலர் வகை. வெர்டஸில் வருவது உலர் வகை, டிக்யூ200 என்பது அதன் எண். அது தாங்கும் முறுக்கு விசை (டார்க்) 250 நியூட்டன் மீட்டர் என்று வகுத்திருக்கிறார்கள். உங்கள் 1.5 எஞ்சின் கொடுப்பதும் அதே 250, அதுவும் நிமிடத்துக்கு 1,600 சுற்றிலேயே (ஆர்பிஎம்). விளிம்பு வரை ஊற்றிய டம்ளர் மாதிரி. அதற்காகச் சிந்திவிடும் என்று சொல்லவில்லை. கொஞ்சம் பார்த்து எடுத்துப் போக வேண்டும், அவ்வளவுதான்.

இந்தப் பெட்டியின் பழைய சரித்திரம் அவ்வளவு சுத்தமில்லை. 2013-இல் உலகம் முழுக்கச் சுமார் 16 லட்சம் வண்டிகளை வோக்ஸ்வாகன் திரும்ப அழைத்து, கியர்பாக்ஸின் செயற்கை எண்ணெயை மாற்றிக் கனிம எண்ணெய் ஊற்றியது. வெப்பமும் ஈரமும் உள்ள ஊர்களில், அடிக்கடி நின்று நின்று போகும் வண்டிகளில் பிரச்சினை அதிகம். அதற்குப் பிறகு நிறையத் திருத்தியிருக்கிறார்கள், இன்றைய வண்டிகளைப் பழைய பெயரால் தள்ளிவைப்பது நியாயமில்லை. ஆனால் உலர் கிளட்ச் உலர் கிளட்ச்தான், அதன் குணம் மாறாது. பாதி பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு வண்டியை அங்குலம் அங்குலமாக நகர விட்டால் உள்ளே பிளேட் உரசிக்கொண்டே இருக்கும், வெளியே உங்களுக்கு ஒன்றும் தெரியாது. மேனுவலில் ஹாஃப் கிளட்ச் போட்டால் கால் வலிக்கும், வாடை வரும். இதில் அந்த எச்சரிக்கை இல்லை.

என் நண்பர் ஒருவர் வைத்திருந்த இரட்டை கிளட்ச் கார் (எந்த நிறுவனம் என்பது வேண்டாம்) ஒரு மே மாத மதியம் கணபதி சிக்னலுக்கு முன்னால் "கியர்பாக்ஸ் சூடாகிவிட்டது, ஓரங்கட்டு" என்று திரையில் எழுதிவிட்டு அடம் பிடித்தது. ஏசி போட்டபடி அரை மணி நேரம் ஓரமாக உட்கார்ந்திருந்தோம். பிறகு ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பியது. அவரிடம் கேட்டால் முன்னால் இருக்கும் பஸ்ஸுக்கும் தனக்கும் நடுவே ஸ்கூட்டர் நுழைந்துவிடக்கூடாது என்பதற்காக முழு வழியும் ஊர்ந்துகொண்டே வந்திருக்கிறார். டிஎஸ்ஜி வாங்கினால் முதலில் விட வேண்டியது இந்தப் பழக்கத்தைத்தான். பிரேக்கை அழுத்தி மிதித்து நில்லுங்கள், அப்போது கிளட்ச் முழுதாக விட்டுவிடும். முன்னால் ஒரு வண்டி நீளம் இடம் கிடைத்த பிறகு ஒரே மூச்சில் நகருங்கள். ஸ்கூட்டர் நுழைந்தால் நுழையட்டும்.

இப்போது மலைக்கு வருவோம், உங்களுக்கு இந்தக் காரே அதற்குத்தானே. ஆழியாறு தாண்டியதும் வால்பாறை ஏற்றத்தில் 40 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை. ஒன்பதாவது வளைவில் எல்லோரும் இறங்கி அணையைப் படம் எடுப்பார்கள், அதற்கு மேலே கூட்டம் குறையும். ஒரு வளைவை மேனுவலில் எடுத்துப் பாருங்கள். மூன்றாவது கியரில் வருகிறீர்கள். பிரேக். வேகம் இறங்கும்போது இடது கால் கிளட்ச்சை மிதிக்க, வலது பாதத்தின் பெருவிரல் பக்கம் பிரேக்கை விடாமல், அதே பாதத்தின் வலது ஓரத்தைச் சாய்த்து ஆக்சிலரேட்டரை ஒரு தட்டு. எஞ்சின் ஒரு கணம் உறும, அந்த உறுமலுக்குள் லீவர் இரண்டாவதுக்கு இறங்குகிறது, கிளட்ச் விடுகிறது. சரியாகச் செய்தால் பின் சீட்டில் தூங்குபவருக்குத் தெரியாது. தப்பாகச் செய்தால் மொத்தக் குடும்பமும் தலையாட்டும். எனக்கு இது ஓரளவு கைவர இரண்டு வருடம் பிடித்தது, இன்றும் பத்தில் மூன்று சொதப்பல்தான். அந்த ஏழு சரியாக வரும்போது கிடைக்கும் சந்தோஷத்தை எந்த நொடிக் கணக்கிலும் எழுத முடியாது.

டிஎஸ்ஜியில் அதே வளைவு வேறு மாதிரி. வழக்கமான டி-யில் (டிரைவ்) விட்டால் மைலேஜுக்காக அது நாலிலோ ஐந்திலோ சோம்பிக்கொண்டு வரும். நீங்கள் வளைவுக்குள் புகுந்து பாதியில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதுதான் "ஓ, போகணுமா" என்று விழிக்கும். காரணம் அதன் வயிற்றுக்குள் இருக்கிறது. ஒற்றைப்படை கியர்கள் ஒரு கிளட்ச்சில், இரட்டைப்படை கியர்கள் இன்னொரு கிளட்ச்சில். அடுத்து எந்தக் கியர் தேவைப்படும் என்று ஊகித்து அதை முன்கூட்டியே மாட்டி வைத்திருக்கும். ஊகம் சரியானால் மின்னல். நாலிலிருந்து நேராக இரண்டுக்குப் போ என்றால் இரண்டும் ஒரே கிளட்ச்சின் கியர்கள், அதனால் ஒரு தயக்கம் வருகிறது. தீர்வு சுலபம்: எஸ்-ஸில் (ஸ்போர்ட்) போடுங்கள், அல்லது பிரேக் அடிக்கும்போதே பேடிலை ஒவ்வொன்றாக, நாலு, மூன்று, இரண்டு என்று தட்டி இறக்குங்கள். எஞ்சின் வேகத்தை அதுவே ஏற்றிப் பொருத்திக்கொள்ளும், உங்கள் பாதம் சாய வேண்டியதில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில், கண் சாலையில். எதிரே அரசுப் பேருந்து வளைவை முழுக்க அடைத்துக்கொண்டு இறங்கும்போது இது சின்ன வசதி இல்லை.

இறக்கத்தில் ஆட்டோமேட்டிக்காரர்கள் செய்யும் ஒரு தவறைச் சொல்லியே ஆக வேண்டும். டி-யிலேயே போட்டுவிட்டு முழுக்கப் பிரேக்கை நம்பி இறங்குவது. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 வளைவுகள். எந்தக் கியரில் இறங்க வேண்டும் என்று பலகையே வைத்திருக்கிறார்கள். விபத்துகள் மிகுந்து வெளியூர் வண்டிகளை அங்கே இறங்கவே விடாத நிலை வந்தது. பிரேக் சூடேறிப் பிடிப்பு இழப்பதுதான் பெரும்பாலும் காரணம். மேனுவல் ஓட்டியவருக்கு இரண்டாவது கியரில் இறங்குவது ரத்தத்தில் ஊறியது. ஆட்டோமேட்டிக் மட்டுமே ஓட்டிப் பழகிய பிள்ளைகளுக்கு கியரைக் கையால் ஏற்றி இறக்கும் அந்த ‘+’, ‘-’ குறிகள் எதற்கு என்றே தெரிவதில்லை. எந்தப் பெட்டியை வாங்கினாலும், ஏறிய கியரில் இறங்குங்கள்.

மேனுவலைப் புகழ்ந்தது போதும், அதன் குற்றங்களையும் சொல்லிவிடுகிறேன். முதலாவது உங்கள் தினசரி வழி. ஒரு வெள்ளிக்கிழமை மாலை காந்திபுரத்திலிருந்து கணபதி தாண்டும் வரை எத்தனை முறை கிளட்ச் மிதிக்கிறேன் என்று எண்ணினேன். எண்பதைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். நல்லவேளை, கீழேயே இழுவை கொடுக்கும் எஞ்சின் என்பதால் வெர்டஸ் 1.5 இரண்டாவது கியரில் பத்துப் பன்னிரண்டு கிமீ வேகத்தில் முனகாமல் ஊரும். இதே இடத்தில் ஆர்பிஎம் ஏற்றினால்தான் நகரும் எஞ்சினாக இருந்திருந்தால் என் பதிலே வேறு. இரண்டாவது, புகை விதிகள் கடுமையான பிறகு வந்த பல பெட்ரோல் மேனுவல்களில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் ஆர்பிஎம் உடனே விழாது, ஒரு கணம் தொங்கும். பழைய கார்பரேட்டர் வண்டியில் பழகியவருக்கு அது எரிச்சல். மூன்றாவது, நீங்கள் என்றாவது செட்டிபாளையத்தில் கரி ஸ்பீட்வே சர்க்யூட்டில் ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டால் கவனமாக இருக்க வேண்டியது. மூன்றிலிருந்து நாலுக்கு இழுக்கும்போது பதற்றத்தில் கை கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்தால் லீவர் இரண்டில் விழும். 6,000-இல் சுற்றிக்கொண்டிருந்த எஞ்சினைச் சக்கரங்கள் 9,000 பக்கம் தள்ளிவிடும். எரிபொருளை நிறுத்தும் லிமிட்டர் அங்கே ஒன்றும் செய்ய முடியாது, ஏனென்றால் சுற்றுவது பெட்ரோல் இல்லை, சக்கரம். வால்வும் பிஸ்டனும் முட்டினால் புது எஞ்சின்தான். டிஎஸ்ஜியிடம் அதே தப்பைக் கேட்டுப் பாருங்கள், "முடியாது" என்று மறுத்துவிடும்.

சர்க்யூட் என்றதும் இன்னொன்று. முதல் தடவை பந்தயத் தளத்துக்குப் போகிறவர் ஆட்டோமேட்டிக்கில் போவதே நல்லது என்பது என் அபிப்பிராயம், மேனுவல் பிரியர்கள் திட்டினாலும் சரி. எங்கே பிரேக் பிடிப்பது, எங்கே திருப்புவது, எங்கே பார்ப்பது என்று கற்க ஆயிரம் இருக்கிறது. அதில் கியரும் சேர்ந்தால் எதுவும் உருப்படியாக ஏறாது.

செலவு பற்றிச் சுருக்கமாக. டிஎஸ்ஜிக்கு லட்சத்துக்கு மேல் கூடுதலாகக் கொடுக்கிறீர்கள். மேனுவலில் கிளட்ச் தேய்ந்தால் மாற்றும் செலவு ஆயிரங்களில் நிற்கும். டிஎஸ்ஜியின் மூளையான மெக்கட்ரானிக்ஸ் வாரண்டி முடிந்து போனால் செலவு லட்சங்களில் பேசும். எனவே டிஎஸ்ஜி எடுத்தால் நீட்டித்த வாரண்டியை விலையின் ஒரு பகுதியாகவே நினையுங்கள், பேரம் பேசி விட்டுவிடுவதற்கு அது மேட்டும் சீட் கவரும் இல்லை.

என்னைக் கேட்டால், உங்கள் வழிக்கும் இந்தக் காருக்கும் மேனுவல். மனைவி மன்னிக்கட்டும். 150 பிஎஸ் (குதிரைத்திறன்) எஞ்சினை ஒரு மலைப்பாதையில், சட்டம் அனுமதிக்கிற வேகத்தில், முழுக்கப் பிழிந்து ஓட்டலாம். இரண்டு, மூன்று, இரண்டு என்று கைக்கு ஓயாத வேலை. அதே நீங்கள் ஐந்நூறு பிஎஸ் கார் வாங்குவதாக இருந்தால் யோசிக்காமல் ஆட்டோமேட்டிக் என்பேன். போர்ஷே கேமன் ஜிடி4-இன் மேனுவலில் இரண்டாவது கியரே 130 கிமீ வேகத்தைத் தாண்டும். வால்பாறையில் அந்தக் காரை இரண்டிலேயே போட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வேண்டியதுதான், மாற்றுவதற்குக் கியரே வராது. சக்தி ஏற ஏற மேனுவலின் சுகம் பந்தயத் தளத்துக்குப் போய்விடுகிறது, சாலையில் மிஞ்சாது. வெர்டஸ் மாதிரி நடுத்தர சக்தியுள்ள காரில்தான் அது தினமும் கைக்குக் கிடைக்கிறது. தவிர, இந்தத் தேர்வு இன்னும் எத்தனை நாள் இருக்கும்? 1976-இல் நாலு கியர் மேனுவலும், லீவரின் தலையில் கோல்ஃப் பந்து மாதிரிக் குமிழுமாக வந்த கோல்ஃப் ஜிடிஐ-யிலேயே 2024-க்குப் பிறகு மேனுவல் கிடையாது. 2025-இல் இந்தியாவுக்கு வந்ததும் டிஎஸ்ஜிதான்.

மேலே சொன்னது மாறும் இடங்கள் இரண்டு. உங்கள் மனைவியும் வாரத்தில் பாதி நாள் இதே காரை எடுப்பார் என்றால் டிஎஸ்ஜி வாங்குங்கள். வீட்டில் ஒருவர் சலித்துக்கொண்டே ஓட்டும் கார் யாருக்கும் சந்தோஷம் தராது. இடது முட்டியில் ஏற்கெனவே வலி இருந்தாலும் டிஎஸ்ஜிதான், அதில் வீரம் காட்ட ஒன்றுமில்லை.

டெஸ்ட் டிரைவில் என்ன பார்ப்பது? ஷோரூம்காரர்கள் டிஎஸ்ஜி வண்டியைத்தான் நீட்டுவார்கள், "மேனுவலும் இதே எஞ்சின்தான் சார்" என்பார்கள். மேனுவல் வரும் வரை முன்பணம் கட்டாதீர்கள். நீங்கள் வழக்கமாகப் போடும் செருப்போ ஷூவோ அதையே போட்டுக்கொண்டு போங்கள். சீட்டைச் சரிசெய்து கிளட்ச்சை அடிவரை மிதிக்கும்போது முட்டி ஸ்டியரிங்குக்குக் கீழே இடிக்கிறதா, பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் உங்கள் பாதத்துக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். டிஎஸ்ஜியை ஓட்டும்போது ஏசி போட்டு, ஏற்றத்தில் ரிவர்ஸ் எடுத்துப் பார்க்கிங் செய்து பாருங்கள். தயங்கித் துள்ளுகிறதா என்பது அங்கேதான் தெரியும். வீட்டுக்குப் பக்கத்திலேயே மருதமலை இருக்கிறது. கிருத்திகை, ஞாயிறு தவிர்த்து ஒரு வார நாள் காலையில், வீட்டில் இருப்பவர்களையும் ஏற்றிக்கொண்டு, இரண்டு வண்டியிலும் ஒரு தடவை மேலே ஏறி இறங்குங்கள். இறங்கும்போது மனைவி ஓட்டட்டும்.